ரங்கூனுக்கு ப்ளூரே வராத கதை

"அடுத்த தட்டு எப்போது எல்லாக் கம்ப்யூட்டரிலும் வரும்?" 2006க்கும் 2010க்கும் நடுவில் என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ஒஸ்லோவில் ஒரு கணினிக் கடையில் பழுதுபார்க்கும் வேலை எனக்கு. மடிக்கணினி வாங்க வரும் ஈழத்து நண்பர்கள், டிவிடி ரைட்டரோடு இப்போதே வாங்குவதா, ப்ளூரே மலிவாகும்வரை பொறுப்பதா என்று கேட்பார்கள். (அவர்கள் 'இறுவட்டு' என்பார்கள். அழகான சொல். எங்கள் ரங்கூன் தமிழில் எல்லாமே சீடிதான், டிவிடியும் சீடிதான்.)

இதையே ஒரு வரலாறாக எழுதிப் பார்க்கலாமென்று ரொம்ப நாளாக ஆசை. ஜப்பான், அமெரிக்கா கதையாக அல்ல, அதை ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். ரங்கூன் கதையாக.

முதலில் அந்த நாட்களில் எல்லோரும் போட்ட கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சீடி-ராம் 1980களின் நடுவில் கணினிக்கு வந்தது. அது சாதாரண வீட்டுக் கணினியில் தானாகவே இருக்கும் பொருளாக 1990களின் நடுப்பகுதி ஆயிற்று. சுமார் பத்து வருடம். டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2004, 2005 வாக்கில் அது இல்லாத கணினியைத் தேடவேண்டியிருந்தது. சுமார் எட்டு வருடம். விண்டோஸ் விஸ்டா 2007 ஜனவரியில் டிவிடியிலேயே வந்தது. ஆக, 2006ல் ப்ளூரேயும் அதன் பங்காளி எச்டி டிவிடியும் கடைக்கு வந்தபோது, எட்டைக் கூட்டி 2014 என்று எழுதிக்கொண்டார்கள். 700 எம்பி, 4.7 ஜிபி, 25 ஜிபி என்று படிக்கட்டு மாதிரி ஏறுகிறதே, அடுத்த படி இல்லாமலா போகும் என்ற நம்பிக்கை.

நடுவில் ஒரு பங்காளிச் சண்டை வேறு. சோனி ஒரு பக்கம், தோஷிபா ஒரு பக்கம். 2008 ஜனவரியில் வார்னர் கம்பெனி ப்ளூரே பக்கம் சாய்ந்தது, பிப்ரவரி 19ல் தோஷிபா எச்டி டிவிடியை நிறுத்துவதாக அறிவித்தது. சண்டை முடிந்தது, இனி ஓட்டம்தான் என்று பத்திரிகைகள் எழுதின. அதே 2008 ஜனவரியில் ஆப்பிள் தட்டு போடும் வாயே இல்லாத ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த வருடம் அக்டோபரில், ப்ளூரேயின் உரிமச் சிக்கல் பெரிய தலைவலி என்கிற மாதிரிப் பேசினார். ஆப்பிள் கணினிகளுக்குள் ப்ளூரே கடைசிவரை வரவேயில்லை. பில் கேட்ஸ் 2005லேயே ஒரு மாணவர் நாளிதழுக்குக் கொடுத்த பேட்டியில், இனி இதற்குப் பின் கையில் பிடிக்கும் தட்டு வடிவமே இருக்காது என்று சொல்லிவிட்டார். அவருடைய கம்பெனி அப்போது எச்டி டிவிடிக்குக் கொடி பிடித்துக்கொண்டிருந்தது என்பது தனி வேடிக்கை.

சரி, ரங்கூனுக்கு வருவோம்.

'எல்லோருக்கும் பொதுவான ஒன்று' என்பது என்ன என்று பர்மாவில் பிறந்தவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1970ல் நெ வின் அரசு ஒரே நாளில் சாலையின் இடப்பக்கம் ஓடிய வண்டிகளை வலப்பக்கம் மாற்றியது. விதி மாறியது, வண்டி மாறவில்லை. ஸ்டீயரிங் வலப்பக்கமே இருந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் ஜப்பானிலிருந்து வந்த பழைய பஸ்களும் கார்களும் அப்படியே. நாங்கள் பஸ்ஸிலிருந்து நடுச்சாலையில் இறங்கிப் பழகிய சனம். பணமும் அப்படித்தான். 1964ல் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1987 செப்டம்பர் 5ம் தேதி 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள், அந்தத் தடவை மாற்றிக்கொடுக்கக்கூட இல்லை. நான் அப்போது கல்லூரியில். தலையணைக்குள் இருந்த அம்மாவின் சேமிப்பு ஒரு ரேடியோ அறிவிப்பில் காகிதமாயிற்று. அடுத்த வருடம் நடந்ததும், நான் தாய்லாந்து எல்லைக்கு நடந்ததும் வேறு கதை, இங்கே வேண்டாம்.

நான் சொல்ல வருவது, நோட்டு செல்வது அரசாங்கத்தின் கையெழுத்தால் மட்டுமல்ல. பக்கத்துக் கடைக்காரன் வாங்குவான் என்ற நம்பிக்கையால். தட்டும் அதே மாதிரிதான். என் வீட்டுத் தட்டு உன் வீட்டில் ஓடுமா? ஓடினால் அது நாணயம். ஓடாவிட்டால் அதில் எத்தனை ஜிபி இருந்து என்ன?

ரங்கூனில் அப்படி நாணயமானது வீசிடி. 1993ல் சோனி, பிலிப்ஸ் கூட்டு வகுத்த வடிவம். மேற்கு நாடுகளில் அதை யாரும் சீண்டவில்லை, ஜப்பானிலும் பெரிதாக இல்லை. சீனாவில் பற்றிக்கொண்டது, அங்கிருந்து ஷ்வேலி ஆற்றோரம் முசே எல்லை வழியாக மலிவு பிளேயர்கள் மாண்டலே, ரங்கூன் என்று இறங்கின. படத் தரம் சுமார்தான், ஏறக்குறைய பழைய விஎச்எஸ் நாடா அளவு. 74 நிமிடத்துக்கு மேல் ஒரு தட்டில் கொள்ளாது. இங்கிலீஷ் படத்துக்கு இரண்டு தட்டு. நம் தமிழ்ப் படத்துக்குச் சில சமயம் மூன்று! மூன்றாவது தட்டைப் போடும்போது கரண்ட் போய்விடும், வில்லன் பிழைத்தானா இல்லையா என்று தெரிய மறுநாள்வரை காத்திருந்ததாக என் தங்கை கடிதம் எழுதியிருக்கிறாள்.

ஆனாலும் வீசிடிக்கு ஒரு பெரிய குணம் இருந்தது. அது யாரையும் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்காது. டிவிடி கேட்கும். புலம்பெயர்ந்தவர்களுக்கு இது உறைக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சினிமாக் கம்பெனிகள் டிவிடிக்காக உலகத்தை மண்டலங்களாக வெட்டின. பர்மா உள்ளிட்ட தென்கிழக்காசியா மண்டலம் 3. இந்தியாவும் இலங்கையும் மண்டலம் 5. ஐரோப்பா 2. கனடா, அமெரிக்கா 1. சீனா 6. ஒரு மண்டலத்துக்கென்று பூட்டிய தட்டு இன்னொரு மண்டலத்து பிளேயரில் ஓடாது. எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தங்கை ரங்கூனில், மண்டலம் 3. 1964க்குப் பின் கப்பலேறிய பெரியப்பா வீடு சென்னையில், மண்டலம் 5. நான் ஒஸ்லோவில், மண்டலம் 2. ஒரே வீட்டுச் சனம் ஒரே தட்டைப் பார்க்கக் கூடாது என்று ஹாலிவுட்டில் யாரோ வரைந்த வரைபடம். ப்ளூரே வந்தபோது எண்கள் போய் எழுத்துகள் வந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். தென்கிழக்காசியா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. அப்போதும் நாங்கள் மூன்று பேரும் மூன்று வேறு எழுத்தில்தான் இருந்தோம். விசாவிலாவது சில நாடுகள் ஒன்றாக இருக்கும்!

இது போதாதென்று பர்மா டிவி அமெரிக்க, ஜப்பானிய முறையான என்டிஎஸ்சி. இந்தியாவும் நோர்வேயும் பால் முறை. அந்த மலிவுச் சீன பிளேயர்கள் இரண்டையும் காட்டின, கீறல் விழுந்ததையும் எப்படியோ ஓட்டின, மண்டலப் பூட்டை மதிக்கவில்லை. நல்ல கம்பெனி பிளேயர் அடம்பிடிக்கும் தட்டை சீனப் பெட்டி விழுங்கிவிடும். ரங்கூனில் எது வெல்லும் என்று கணிக்க இது ஒன்றே போதும். டோக்கியோவில் கணித்தவர்கள் ஜிபியை எண்ணினார்கள்.

பெரியப்பாவைச் சொன்னதால் ஒரு சின்ன விலகல். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் என்று இருக்கிறதே, அது 1969ல் பர்மாவிலிருந்து திரும்பிய அகதிகளுக்காக வந்தது. முதலில் வெளிநாட்டுச் சாமான், பிறகு டேப் ரிக்கார்டர், பிறகு வீசிடி, டிவிடி. ஒரே தட்டில் எட்டுப் படம் அடைத்து விற்றதும் அங்கேதான். தமிழ்நாட்டில் பலருக்குத் திருட்டு சீடி என்றாலே பர்மா பஜார் ஞாபகம் வரும், கூடவே பக்கத்துத் தெரு அத்தோ. ரங்கூனில் கடையைப் பறிகொடுத்தவர்கள் சென்னையில் ஒரு நாட்டுக்கே எந்தத் தட்டு செல்லும் என்று காட்டினார்கள் என்பது எனக்கு ஒரு அற்பப் பெருமை. திருட்டுத்தனத்தை நியாயப்படுத்தவில்லை. படம் எடுத்தவன் வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும்.

ஆனால் ரங்கூன் தமிழனுக்கு அந்தத் தட்டு பொழுதுபோக்கு மட்டுமல்ல. 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின, தமிழ்ப் பத்திரிகைகள் நின்றன. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கோயில் மண்டபத்தில் வாரம் ஒருநாள் வகுப்பு நடந்த இடங்களில் கொஞ்சம் தப்பித்தார்கள். மற்றவர்களுக்குத் தமிழ் என்பது காதில் விழுவது மட்டும். என் தங்கை மகன் பேசும் தமிழில் பாதி, மதுரைப் படங்களிலிருந்து வந்தது. அம்மாவிடமே 'என்னாங்கடா' என்பான். அடி விழும். ஆனாலும் பேசுகிறானே!

இனி அரசாங்கம். 1996 எங்கள் நாட்டில் தொழில்நுட்பத்துக்குப் பொல்லாத வருடம். நோர்வேக்கும் வேறு சில நாடுகளுக்கும் கௌரவத் தூதராக இருந்த லியோ நிக்கல்ஸ், ஆங் சான் சூகியின் குடும்ப நண்பர், அனுமதியில்லாமல் ஃபேக்ஸ் மெஷின் வைத்திருந்ததற்காக மூன்று வருடத் தண்டனை பெற்றார். ஜூன் மாதம் காவலிலேயே இறந்தார். ஜூலையில் தொலைக்காட்சி, வீடியோ சட்டம் வந்தது. தணிக்கைச் சான்றில்லாத வீடியோவை நகலெடுப்பதும் விநியோகிப்பதும் சிறைக்குரிய குற்றம். செப்டம்பரில் கணினி அறிவியல் வளர்ச்சிச் சட்டம். பெயரைப் பாருங்கள், வளர்ச்சியாம்! அமைச்சகம் குறிப்பிடும் வகைக் கணினியை அனுமதியின்றி இறக்குமதி செய்தாலோ வைத்திருந்தாலோ 7 முதல் 15 வருடம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு தகவல் எதில் ஏறிப் போகும்? தொலைபேசியில் போகாது. இன்டர்நெட் சொற்பம், அதுவும் கண்காணிப்பில். தட்டில் போகும். எழுத ஒரு கணினி போதும், பார்க்க ஆயிரம் வீட்டில் பெட்டி இருக்கிறது. யார் பார்த்தார் என்று தட்டில் எழுதியிருக்காது. உறையில் காதல் படம், உள்ளே வேறு ஏதோ.

2006 ஜூலையில் ஜெனரல் தான் ஷ்வேயின் மகள் கல்யாணம் நடந்தது. மணப்பெண் கழுத்தில் அடுக்கடுக்காக வைரம். அந்த வீடியோ சில மாதத்தில் வெளியே கசிந்து, தட்டுத் தட்டாக ஊரெங்கும் போனது. அரிசி விலைக்கு அழுதுகொண்டிருந்த சனம் அதை உட்கார்ந்து பார்த்தது. அடுத்த வருடம் செப்டம்பரில் பிக்குகள் தெருவில் இறங்கினார்கள். அரசு இன்டர்நெட்டையே அறுத்தது. 2008 மே மாதம் நர்கிஸ் புயல், 1,38,000 பேருக்கும் மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். டெல்டாவில் மிதந்த பிணங்களை அரசு டிவி காட்டவில்லை. ரங்கூன் நடைபாதையில் விற்ற தட்டு காட்டியது. அந்த ஜூனில் நகைச்சுவை நடிகர் ஸர்கனாரை வீட்டில் வந்து பிடித்துப் போனார்கள். பல் மருத்துவம் படித்தவர், அவர் பெயருக்குச் சாமணம் என்று பொருள். புயலில் அடிபட்டவர்களுக்கு நிவாரணம் கொண்டுபோனதும் அதைப் பற்றி வெளிநாட்டு ஊடகங்களிடம் பேசியதும்தான் அவர் குற்றம். வீட்டில் கைப்பற்றியவை என்று செய்திகளில் வந்த பட்டியலில் தட்டுகள் இருந்தன. புயல் அழிவு, அந்தக் கல்யாணம், அப்புறம் பர்மாவில் நடப்பதாக எடுத்த புதிய ராம்போ படம். நவம்பரில் மொத்தம் 59 வருடத் தண்டனை. பிறகு 35 ஆகக் குறைத்தார்கள், 2011 அக்டோபரில் விடுதலை.

அந்த 2008ம் வருடத்தைத்தான் மற்ற நாட்டுப் பத்திரிகைகள் தட்டுப் போர் முடிந்த வருடம் என்று எழுதின.

இருபத்தைந்து வருடம் கழித்து, 2013 பிப்ரவரியில் ரங்கூன் போனேன். அனவ்ரட்டா சாலையில், நாங்கள் ஃபிரேசர் தெரு என்று சொன்ன அதே சாலை, காளி கோயிலைத் தாண்டி சாயங்காலம் நடைபாதை முழுக்கத் தட்டுக் கடை. பர்மியர்கள் தட்டை 'அக்வே' என்பார்கள், சுருள் என்று அர்த்தம். நாடாச் சுருள் போய்ப் பல வருடமாகியும் பெயர் மட்டும் சுருண்டே கிடக்கிறது. ஒரு கடையில் 'ப்ளூரே' என்று பளபளவென்று அச்சடித்த உறைகள். எடுத்துப் பார்த்தால் உள்ளே சாதா டிவிடி. கடைப் பையன் தமிழ்ப் பையன், சிரித்தான்.

"அது பேருதாண்ணே. ப்ளூரேன்னு போட்டா படம் தெளிவா இருக்கும்னு வாங்குவாங்க."

"நிஜ ப்ளூரே வருமாடா இங்கே?"

"எதுக்குண்ணே? ஆறு மாசம் பொறுங்க, எல்லாம் போனுக்குள்ள போயிடும்."

போனா? அன்றைக்கு ஒரு சிம் கார்டு விலை நூற்றுக்கணக்கான டாலர். அதற்குச் சில வருடம் முன்பு ஆயிரத்துக்கும் மேல். கடையில் தட்டு 500 சாட். அவன் சொன்னது விளையாட்டு மாதிரி இருந்தது. அந்த ஏப்ரலில் அரசு 1,500 சாட்டுக்கு சிம் கார்டுகளைக் குலுக்கலில் விற்க ஆரம்பித்தது. 2014 ஆகஸ்டில் ஊரிடூ வந்தது, சில வாரத்தில் டெலினார் (அதுவும் எங்கள் நோர்வேக் கம்பெனி). எட்டு வருடக் கணக்குப் போட்டவர்கள் ப்ளூரேக்குக் குறித்த அதே 2014! கணிப்பு நிபுணர்கள் யாரும் அந்தப் பையனைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

2016ல் மறுபடி போனபோது தட்டுக் கடைகள் பாதியாகிவிட்டன. மீதி இடத்தில் போன் உறை, சார்ஜர். காசு கொடுத்தால் மெமரி கார்டில் படம் ஏற்றித் தருவார்கள். ஸாப்யா என்ற செயலியில் போனுக்குப் போன் இன்டர்நெட் இல்லாமலே கைமாற்றிக்கொண்டார்கள். கைக்குக் கை போகும் பழக்கம் போகவில்லை, தட்டுதான் போனது.

கணினியிலும் அதேதான் நடந்தது, உலகம் முழுக்க. ப்ளூரே டிவியில் பிழைத்தது, கணினியில் எல்லோருக்கும் பொதுவாக ஒருநாளும் ஆகவில்லை. உரிமக் கட்டணம், ஒயர் முதல் திரைவரை பூட்டு, மென்பொருளைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கு என்று ஏகப்பட்ட நிபந்தனை. 4கே ப்ளூரேயைக் கணினியில் பார்க்க இன்டெல் சில்லுக்குள் இருந்த ஒரு பாதுகாப்பு வசதி தேவை என்றார்கள், பிறகு இன்டெல்லே அந்த வசதியைப் புதிய மேசைக் கணினிச் சில்லுகளிலிருந்து எடுத்துவிட்டது. தன் வீட்டுக்குத் தானே பூட்டுப் போட்டு சாவியைக் கிணற்றில் போட்ட கதை. 2025 பிப்ரவரியோடு, எழுதக்கூடிய ப்ளூரே தட்டுத் தயாரிப்பை சோனி நிறுத்திக்கொண்டது, இதற்கு வாரிசு கிடையாது என்றும் சொல்லிவிட்டது.

ஒரு விஷயம் பர்மாவில் மாற்றிப் பார்த்தும் வேலை செய்தது, எழுத்துரு. அதையும் சொல்ல வேண்டும். ஸவ்ஜி என்ற உள்ளூர் எழுத்துருதான் அங்கே எல்லோர் போனிலும். யூனிகோடு விதிக்கு ஒத்துவராத எழுத்துரு, ஆனால் பக்கத்து வீட்டிலும் அதுதான். பாமினியில் தட்டச்சு பழகியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை! 2019 அக்டோபர் 1ம் தேதி நாடே யூனிகோடுக்கு மாறுவது என்று நாள் குறித்தார்கள். அரசும் கம்பெனிகளும் சேர்ந்து இழுத்ததால் அது பெரும்பாலும் நடந்தது. நாள் குறித்து மாற்றலாம், மாறுகிறவனுக்குப் பழையதைப் படிக்கவும் வழி செய்து கொடுத்தால். நோட்டு விஷயத்தில் அதைச் செய்யவில்லை.

2021 பிப்ரவரி 1, ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. மார்ச்சில் மொபைல் இன்டர்நெட்டை அறுத்தார்கள். சாவடிகளில் சிப்பாய்கள் போனை வாங்கித் திறக்கச் சொல்லிப் படங்களைப் பார்த்தார்கள். பையன்கள் ஏப்ரலில் 'மொலொடோவ்' என்று ஒரு பத்திரிகையைத் தொடங்கி, ஆங்காங்கே அச்சிட்டுத் தெருவில் கொடுத்தார்கள். எல்லாம் போனுக்குள் போனதில் இருந்த ஆபத்து அப்போதுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. தட்டில் உன் பெயர் இல்லை. போனில் உன் பெயர், உன் நண்பன் பெயர், நேற்று எங்கே நின்றாய் என்பதுவரை இருக்கிறது.

போன வருடம் தங்கையின் பெட்டி ஒன்று ஒரு தெரிந்தவர் மூலம் எனக்கு வந்தது. 1999 முதல் 2011வரை வீட்டு விசேஷங்களைப் படமெடுத்த 64 தட்டுகள். அவள் கல்யாணம், எங்கள் பேட்டைக் கோயில் தீமிதி, அம்மாவின் அறுபதாம் வயது. நான் இல்லாத வருடங்கள் எல்லாம் அதற்குள். சீடி தட்டில் தகவல் இருக்கும் படலம், படம் ஒட்டும் மேல்பக்கத்துக்கு அடியிலேதான், மெல்லிய பூச்சுக்குக் கீழே. நாம் என்னவோ கீழ்ப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைப்போம். ரங்கூன் மழைக்கால ஈரம் மேல்பக்கத்தில் ஏறி, சிலவற்றில் வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. 41 தட்டுகளை முழுதாகப் படிக்க முடிந்தது, 9 தட்டில் பாதி. மற்றவை போயின. அறுபதாம் வயதுத் தட்டில் அம்மா யாரையோ "ஏய், எல்லாரும் சாப்டாச்சா?" என்று கேட்கும் குரல் இருக்கிறது, படம் கட்டம் கட்டமாக உடைந்தாலும்.

எல்லாவற்றையும் வன்தட்டில் ஏற்றி, தங்கைக்கு எதில் அனுப்பட்டும் என்று கேட்டேன். பென்டிரைவ்? மேகம்? அங்கே நாளில் பல மணி நேரம் கரண்ட் இல்லை, இன்டர்நெட் எப்போது இருக்கும் என்று தெரியாது, மகன் போனில் எதையும் வைத்துக்கொள்ளப் பயப்படுகிறான்.

"பேட்டரியில ஓடுற சீனப் பெட்டி இன்னும் நல்லாத்தான் இருக்குண்ணே, வீசிடியாவே போட்டு அனுப்பு" என்றாள்.

ஒஸ்லோவில் வெற்று சீடி தேடிப் பிடிக்க இரண்டு வாரம் ஆனது. என்டிஎஸ்சியில், 74 நிமிடத்துக்கு ஒன்றாக வெட்டி, முதலில் மூன்று தட்டு எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் பாங்காக் வழியாகப் போகிற ஒருவர் கொண்டுபோகிறார். தீமிதி மட்டும் இரண்டு தட்டுக்கு வந்துவிட்டது.